டாம் கில்பர்ன்

டாம் கில்பர்ன் (ஆகஸ்ட் 11, 1921 - ஜனவரி 17, 2001) இங்கிலாந்தைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் ஆவார். நினைவகத்தில் சேமித்த நிரலை இயக்கிய முதல் மின்னணுக் கணினியை உருவாக்கியவர்களுள் இவர் ஒருவர். இயங்குதளக் கருனியின் தலையாய பணிகளில் ஒன்றான நினைவக மேலாண்மைக்கு இவர் தலைமையில் உருவான அட்லஸ் கணினியே முன்னோடி.

இளமை

கில்பர்ன் யோர்க்சயரில் உள்ள டியூஸ்பரி என்னும் ஊரில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் சிட்னி சசெக்ஸ் கல்லூரியில் கணிதம் பயின்றார். போர்க்காலம் ஆகையால் இரண்டே ஆண்டுகளில் படிப்பை முடித்து, 1942 இல் மால்வர்னில் இருந்த ராடார் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். அங்கு இவருக்குத் தலைவராக இருந்தவர் பிரெடரிக் வில்லியம்ஸ். மின்னணுவியலில் குறுகிய பயிற்சி மட்டுமே பெற்றிருந்த கணித மாணவர் அத்துறையில் தேர்ந்தது இங்கேதான்.

குழாய் நினைவகம்

போர் முடிந்த காலத்தில் கணினி ஆய்வாளர்களுக்குப் பெருந்தடையாக இருந்தது நினைவகமே. வேகமாகக் கணக்கிடும் சுற்றுகள் இருந்தன. எண்களையும் நிரலையும் அதே வேகத்தில் எடுத்துத் தரும் சேமிப்பு இல்லை. எதிர்மின் கதிர்க் குழாயின் திரையில் மின்னூட்டப் புள்ளிகளாகத் தகவலை வைக்க வில்லியம்ஸ் முயன்றார். அம்மின்னூட்டம் ஒரு நொடிக்குள் கசிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு புள்ளியையும் படித்து, உடனே மீண்டும் எழுதிக்கொண்டே இருக்கவேண்டும். (தற்காலக் கணினிகளின் இயங்கு நினைவகச் சில்லுகளும் இவ்வாறே புதுப்பிக்கப்படுகின்றன.) மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு வில்லியம்ஸுடன் வந்த கில்பர்ன், 1947 இறுதிக்குள் ஒரே குழாயில் 2048 பிட்டுகளைப் பல மணி நேரம் நிலைநிறுத்திக் காட்டினார்.

அந்நினைவகத்தைச் சோதிக்கவே ஜெஃப் டூட்டிலுடன் சேர்ந்து ஒரு சிறு கணினியை அமைத்தார். 32 சொற்கள், சொல்லுக்கு 32 பிட்டுகள், அவ்வளவே அதன் முதன்மை நினைவகம். ஜூன் 21, 1948 அன்று அதில் ஓடிய முதல் நிரலை எழுதியவரும் கில்பர்ன்தான். 262144 என்னும் எண்ணின் மிகப்பெரிய காரணியைக் கண்டறிய அந்நிரலுக்கு 52 நிமிடங்கள் பிடித்தன.

அட்லஸ்

1950களில் வேகமான நினைவகம் கிடைத்தது, ஆனால் விலை மிக அதிகம். உருளை நினைவகம் மலிவு, ஆனால் மெதுவானது. நிரலின் எப்பகுதியை எப்போது உருளையிலிருந்து கொண்டுவருவது என்பதை நிரல் எழுதுபவரே திட்டமிட வேண்டியிருந்தது. அவரது நேரத்தில் பெரும்பகுதி இதிலேயே கழிந்தது. இச்சுமையைக் கணினியே ஏற்கவேண்டும் என்று கில்பர்ன் முடிவு செய்தார். 1956 இல் தொடங்கிய திட்டத்தில் 1959 இல் ஃபெரான்டி நிறுவனம் இணைந்தது. டிசம்பர் 7, 1962 அன்று அட்லஸ் முறையாகத் தொடங்கிவைக்கப்பட்டது.

அதில் காந்த வளைய நினைவகம் 16,384 சொற்களும், உருளைகள் 98,304 சொற்களும் கொண்டிருந்தன. நிரலருக்கோ இரண்டும் ஒரே நினைவகமாகத் தெரிந்தன. நினைவகம் 512 சொற்கள் கொண்ட 32 பக்கங்களாகப் பிரிக்கப்பட்டு, பக்கத்துக்கு ஒரு முகவரிப் பதிவகம் வைக்கப்பட்டது. கேட்கப்படும் முகவரியை 32 பதிவகங்களும் ஒரே நேரத்தில் ஒப்பிடும். எதுவும் பொருந்தாவிடில் மேற்பார்வை நிரல் குறுக்கிட்டு உருளையிலிருந்து பக்கத்தைக் கொண்டுவரும். வரும் பக்கம் காத்திராதபடி ஓரிடம் எப்போதும் காலியாக வைக்கப்பட்டது. இன்றைய பல்செயலிக் கணினிகளில் ஒவ்வொரு செயலியும் இத்தகைய முகவரிப் பதிவுகளைத் தனக்கென வைத்துள்ளது. அட்லசில் செயலி ஒன்றே.

மேற்பார்வை நிரலுக்கும் இடம் வேண்டுமல்லவா? அதற்கெனத் தனி நிலை நினைவகமும், 1024 சொற்கள் கொண்ட துணை நினைவகமும் அளிக்கப்பட்டன. பயனர் நிரல் அவற்றைத் தொட முயன்றால் தடுக்கப்படும். கருனி தன் தரவுகளைப் பயனரிடமிருந்து பிரித்துக் காக்கும் வழக்கத்தின் தொடக்ககால எடுத்துக்காட்டு இது.

எப்பக்கத்தை வெளியேற்றுவது என்பதை முந்தைய பயன்பாட்டைக் கொண்டு கணிக்கும் பகுதி மட்டும் எதிர்பார்த்த அளவு சிறக்கவில்லை. பல நிரல்களுக்கு எளிய முறைகளே அதனினும் மேலானவை என்று ஐபிஎம் ஆய்வாளர் பெலாடி 1966 இல் காட்டினார். எனினும் பக்கமுறை நிலைத்தது.

பிற்காலம்

1964 இல் மான்செஸ்டரில் தொடங்கிய கணினி அறிவியல் துறைக்குக் கில்பர்ன் முதல் தலைவரானார். 1965 இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவரது ஐந்தாவது பெரிய கணினியான எம்யூ5 1970களில் இயங்கியது. மனைவி ஐரீன் காலமான 1981 ஆம் ஆண்டிலேயே பணி ஓய்வு பெற்றார். இத்தனை கணினிகளை உருவாக்கியவர் தம் வீட்டில் ஒரு கணினியும் வைத்திருக்கவில்லை. மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் தீவிர ரசிகர். 2001 இல் மான்செஸ்டரில் காலமானார். அங்குள்ள கணினி அறிவியல் துறைக் கட்டடம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.