அப்பாவின் மரணமும் பென்சீனில் ஊறிய காபிக்கொட்டையும்... 'டீகாஃப்' காபியைக் கொண்டுவந்த லுட்விக் ரோஸேலியஸ் யார்?

கடை அலமாரியில் 'டீகாஃப்' என்று அச்சிட்ட காபி, டீ பாக்கெட்டுகளைப் பார்த்திருப்பீங்க. ருசி இருக்கும், ஆனா தூக்கத்தைக் கெடுக்காது என்பதுதான் அதன் விளம்பரம். இப்படி காஃபின் நீக்கிய காபியை முதன்முதலில் தொழிற்சாலையில் தயாரித்து வெற்றிகரமாக விற்றவர் ஜெர்மன் வணிகர் லுட்விக் ரோஸேலியஸ். காபியில் இருக்கும் கெடுதலை எடுக்கணும் என்று கிளம்பிய அவர், அதுக்குப் பயன்படுத்தியது அதைவிடப் பெரிய ஆபத்தை!

அப்பாவைக் கொன்றது காபியா?

1874 ஜூன் 2-ம் தேதி, ஜெர்மனியின் துறைமுக நகரமான பிரெமனில் பிறந்தார் ரோஸேலியஸ். அப்பா காபி வணிகர். சரக்கின் தரத்தைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு கொட்டையையும் காய்ச்சி ருசி பார்ப்பது அந்தத் தொழிலின் அன்றாட வேலை. 1902-ல் அப்பா இறந்தபோது, அளவுக்கு மீறிய காபிதான் காரணம் என்று மகன் நம்பினார். மருத்துவரீதியாக அது நிரூபிக்கப்பட்டது இல்லை. ஆனாலும் அந்த நம்பிக்கைதான் அவரது வாழ்க்கையின் திசையை மாற்றியது.

காஃபின் அப்போதே பழைய செய்திதான். 1819-லேயே ஜெர்மன் வேதியியலாளர் ஃப்ரீட்லீப் ஃபெர்டினாண்ட் ருங்கே அதைக் காபிக்கொட்டையில் இருந்து பிரித்துவிட்டார். டீயில் இருப்பதும் அதே பொருள்தான் என்பதும் தெரிந்திருந்தது. ஆனா ஆய்வுக்கூடத்தில் ஒரு சிட்டிகை பிரிப்பது வேறு, மணமும் ருசியும் கெடாமல் மூட்டை மூட்டையாகப் பிரிப்பது வேறு.

கடல் தண்ணீர் காட்டிய வழி

இங்கே ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. ரோஸேலியஸுக்கு வந்த ஒரு கப்பல் சரக்கு கடல் தண்ணீரில் நனைந்துவிட்டதாம். வீணாப் போச்சு என்று தூக்கி எறியாமல் சோதித்துப் பார்த்தபோது, ஊறிய கொட்டையில் இருந்து காஃபின் எளிதாகப் பிரிந்ததாம்.

கதை எப்படியோ, அடிப்படை அறிவியல் சரிதான். காஃபின் வெந்நீரில் நன்றாகவே கரையும். ஆனா தண்ணீர் காஃபினோடு ருசி தரும் பொருட்களையும் சேர்த்து இழுத்துவிடும். அதனால்தான் காஃபினை மட்டும் பெரும்பாலும் கரைக்கும் ஒரு கரைப்பான் தேவைப்பட்டது. வறுக்காத பச்சைக் கொட்டையை நீராவியில் ஊற வைத்தால் அது உப்பிக்கொள்ளும். பிறகு கரைப்பானில் போட்டால் காஃபின் வெளியே வரும். கடைசியாக மறுபடி நீராவி செலுத்தி கரைப்பானை விரட்டிவிடலாம். இந்த முறைக்கு ரோஸேலியஸும் அவருடன் சேர்ந்து உழைத்தவர்களும் காப்புரிமை வாங்கினார்கள். 1906-ல் பிரெமனில் 'காஃபே ஹாக்' நிறுவனம் தொடங்கியது.

அவர்கள் தேர்ந்தெடுத்த கரைப்பான், பென்சீன்!

இதயச் சின்னமும் வியாபார மூளையும்

இதயத்துக்கு இதமான காபி என்று சொல்லி, சிவப்பு இதயத்தையே சின்னமாக்கினார் ரோஸேலியஸ். நகரங்களின் மரபுச் சின்னங்கள் அச்சிட்ட வில்லைகளைக் கொடுத்து, மக்களை ஆல்பம் சேர்க்க வைத்தார். முதல் உலகப் போரில் அமெரிக்காவில் இருந்த நிறுவனச் சொத்துகள் பறிபோயின. அப்பவும் அவர் விடவில்லை. 'காஃபின் இல்லாத' என்ற பிரெஞ்சு சொற்களைச் சுருக்கி வைத்த 'சங்கா' என்ற பெயரோடு, 1923-ல் அந்தச் சந்தைக்குள் மறுபடி நுழைந்தார். அதன் ஆரஞ்சு நிற லேபிளால்தான், அமெரிக்க ஓட்டல்களில் டீகாஃப் கெண்டிக்கு ஆரஞ்சு நிறப் பிடி வைக்கும் வழக்கம் வந்தது.

சம்பாதித்த பணத்தில், பிரெமனில் பாழடைந்து கிடந்த பெட்ஷர் தெருவை வாங்கி, கலைத் தெருவாகக் கட்டியெழுப்பினார். ஓவியர் பௌலா மோடர்ஸோன் பெக்கருக்காக அங்கே 1927-ல் அருங்காட்சியகம் திறந்தார். பெண் ஓவியர் ஒருவருக்காக உலகில் உருவான முதல் அருங்காட்சியகம் அது.

ஆனா இவரது வாழ்க்கையில் மறைக்க முடியாத கறையும் உண்டு. ஹிட்லரை ஆதரித்தார் ரோஸேலியஸ். அந்த ஆதரவு அவருக்கே கைகொடுக்கவில்லை. 1936-ல் நியூரம்பெர்க் மாநாட்டில், இந்தத் தெருவின் கலைப்பாணியை ஹிட்லர் வெளிப்படையாகவே கண்டித்தார். 1943 மே 15-ம் தேதி பெர்லினில் ரோஸேலியஸ் இறந்தார். அடுத்த ஆண்டே குண்டுவீச்சில் அந்தத் தெருவின் பெரும்பகுதி அழிந்தது. போருக்குப் பிறகு திரும்பக் கட்டப்பட்டது.

பென்சீன் என்ன ஆச்சு?

பென்சீன் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது பிறகு உறுதியானது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, அதைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருட்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. காஃபினுக்கோ அந்தப் பட்டியலில் இடமில்லை. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை காஃபினால் பொதுவாகப் பாதிப்பு இல்லை என்கின்றன அமெரிக்க, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்புகள்.

இன்று டீகாஃப் தயாரிப்பில் பென்சீன் இல்லை. டைகுளோரோமீத்தேன், எத்தில் அசிடேட் போன்ற கரைப்பான்களே பயன்படுகின்றன. டைகுளோரோமீத்தேன் சுமார் 40 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். கொட்டையை வறுப்பதோ 200 டிகிரிக்குப் பக்கத்தில். மிச்சம் இருப்பது மிகக் குறைவு. அதுக்கும் அமெரிக்கா பத்து லட்சத்தில் 10 பங்கு என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆனாலும் இந்தக் கரைப்பான் உணவில் வேண்டவே வேண்டாம் என்ற குரல்கள் அங்கே எழுந்துள்ளன. கரைப்பானே பிடிக்காதவர்களுக்கு, தண்ணீரை மட்டும் பயன்படுத்தும் முறையும், அதிக அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தும் முறையும் இருக்கின்றன.

டீயில் சிக்கல் கொஞ்சம் அதிகம். காபியின் மணம் வறுக்கும்போதுதான் உருவாகிறது. அதனால் காஃபினை முன்னாடியே எடுத்துவிடலாம். டீத்தூளிலோ மணம் ஏற்கெனவே உருவாகியிருக்கும். கரைப்பான் அதையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போய்விடும். டீகாஃப் டீ பல பேருக்குச் சப்பென்று இருப்பது இதனால்தான்.

இன்னொரு விஷயம், டீகாஃப் என்றால் காஃபின் சுத்தமாகவே இல்லை என்று அர்த்தம் இல்லை. ஒரு கப்பில் சில மில்லிகிராம் இருக்கவே செய்யும். மருத்துவர் காஃபினைத் தவிர்க்கச் சொல்லியிருந்தால், டீகாஃப் குடிக்கலாமா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்வது நல்லது. பாக்கெட் வாங்கும்போது காஃபின் எடுத்தாச்சா என்று மட்டும் பார்க்காம, எந்த முறையில் எடுத்தாங்க என்பதையும் பாருங்க.