பாறையை வென்ற விரல்கள்

வலிமை என்றதும் பருத்த தோள்களும் திரண்ட மார்பும்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒரு மனிதனின் முழு எடையையும் ஓரிரு விரல்களே தாங்கவேண்டிய கலை ஒன்று உண்டு. அதுவே பாறையேற்றம். அவ்விரல்களுக்கு வேண்டிய வலிமை எது என ஆராய்ந்து, அதைத் தம் உடலிலேயே வளர்த்துக் காட்டிய மேதை, ஜெர்மானிய வீரர் வோல்ஃப்கங் கூலிஷ்.

1960ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் லுட்விக்ஸ்ஹாஃபன் நகரில் அவர் பிறந்தார். தென் பாலாட்டினேட் வட்டாரத்து மணற்பாறைகளே அவருடைய முதற்பள்ளி. பின்னர் ஃபிராங்கன்யூரா என்னும் சுண்ணாம்புப் பாறைப் பகுதிக்குக் குடிபெயர்ந்து, கர்ட் ஆல்பர்ட் என்ற புகழ்மிக்க வீரருடன் ஒரே வீட்டில் வாழ்ந்தார். கயிறு விழும்போது காப்பதற்கே. ஏறுவதற்குக் கைகளும் கால்களும் போதும் என்பது இவர்களது கொள்கை.

விளையாட்டு அறிவியல் பயின்ற கூலிஷ், பயிற்சியையும் ஓர் அறிவியலாகவே கருதினார். ஆந்திரேயாஸ் கூபின் என்பவருடன் இணைந்து 1986இல் பாறையேற்ற நுட்பம், பயிற்சி பற்றி ஒரு நூலும் எழுதினார்.

ஃபிராங்கன்யூராவில் வால்ட்கோஃப் என்றொரு பாறை. முன்னோக்கிச் சாய்ந்து தொங்கும் அதன் முகத்தில் ஓரிரு விரல்கள் நுழையும் துளைகளே பிடிமானம். முதல் அடியே ஒரு தாவல்! தாவிய கை துளையைத் தொட்ட கணத்திலேயே இறுகப் பற்றவேண்டும். மெதுவாகத் தண்டால் கம்பியில் உடலை உயர்த்திப் பெறும் வலிமை இதற்குப் போதுமா? போதாது.

இத்தகைய வலிமைக்காக அவர் 1988இல் ஒரு கருவியை அமைத்தார். சாய்ந்த பலகையில் ஏணிப்படிகள் போல மெல்லிய மரச்சட்டங்கள். கால்கள் அந்தரத்தில் தொங்க, கைகளால் மட்டுமே சட்டம்விட்டுச் சட்டம் தாவவேண்டும். கீழ்ச்சட்டத்திற்கு இறங்கும்போது விழும் எடையை விரல்கள் நொடியில் தாங்குகின்றன. அதனால் நரம்பும் தசையும் ஒருங்கே விரைந்து செயற்படப் பழகுகின்றன. நூரம்பர்க் நகரில் ‘கேம்பஸ் சென்டர்’ என்னும் உடற்பயிற்சிக் கூடத்தில் அமைந்ததால் அது ‘கேம்பஸ் பலகை’ எனப் பெயர் பெற்றது.

1991 செப்டம்பர் 14ஆம் நாள் அப்பாறை அவருக்குப் பணிந்தது. ‘ஆக்‌ஷன் டைரக்ட்’ எனப்படும் அவ்வழியே உலகின் முதல் 9ஏ நிலை ஏற்றமாகும். இன்னொருவர் அதை ஏறி முடிக்க 1995 வரை ஆயிற்று!

எனினும் நண்பர்களே, இப்பயிற்சி இருமுனைக் கத்தி. தசை விரைவில் வலுப்பெறும். தசைநாணோ மிக மெதுவாகவே வலுப்பெறும். பல்லாண்டுப் பழக்கமும் போதிய ஓய்வும் இன்றிப் பலகையில் தாவுவோரின் விரல் இணைப்புகள் அறுந்துபோகக்கூடும். மேலும், விரல்மட்டும் ஏறுவதில்லை. இடுப்பு மூட்டு நெகிழ்ந்து கொடுத்தால்தான் உடல் பாறையை ஒட்டி நிற்கும். சுமையைக் கால்கள் பகிர்ந்துகொள்ளும்.

1993இல் வெளிவந்த ‘கிளிஃப்ஹேங்கர்’ திரைப்படத்தில் ஸ்டாலோனுக்காகப் பாறையில் ஏறியவரும் கூலிஷே. ஆனால் அப்படம் திரைக்கு வருமுன்பே, 1992 ஆகஸ்டு 29இல் இங்கோல்ஷ்டாட் அருகே கார் விபத்தில் சிக்கி, 31ஆம் நாள் காலமானார். அப்போது அவருக்கு வயது 31. எத்தனையோ செங்குத்துப் பாறைகளில் தப்பிய உயிர், சமதளச் சாலையில் பிரிந்தது!

அவர் அமைத்த பலகை இன்று உலகெங்கும் பாறையேற்றக் கூடங்களில் நிற்கிறது. எதற்காகப் பயில்கிறோம் என்பதை முதலில் தெளிந்து, அதற்கேற்பப் பயின்றவர் கூலிஷ். விளையாட்டுக் களத்திற்கு மட்டுமன்றி, வகுப்பறைக்கும் பொருந்தும் பாடமன்றோ இது!