போர்க்காலப் பேரவையை வழிநடத்திய வழக்கறிஞர்

புது தில்லி: நாடாளுமன்றம் 2023-ல் புதிய கட்டடத்துக்கு மாறிவிட்டது. மக்களவை பல்லாண்டுகள் கூடிய பழைய கட்டடத்தின் அதே அரங்கில்தான் விடுதலைக்கு முன்பு மத்திய சட்டப் பேரவை கூடியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கு காங்கிரஸ் கட்சிக்குத் தலைமை வகித்தவர் பம்பாய் வழக்கறிஞர் புலாபாய் தேசாய்.

குஜராத்தில் வல்சாட் அருகே 1877-ல் பிறந்த அவர், ஆமதாபாதில் சில காலம் கல்லூரிப் பேராசிரியராக இருந்தார். 1905-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞரானார். 1928-ல் பர்தோலி விவசாயிகளின் வரிகொடாப் போராட்டத்தையொட்டி நடந்த விசாரணையில் அவர்கள் தரப்பில் வாதாடினார். 1930-ல் காங்கிரஸில் சேர்ந்தார். 1932-ல் சிறை சென்றார்.

1934-ல் பேரவைக்குத் தேர்வாகி காங்கிரஸ் கட்சித் தலைவரானார். துணைத் தலைவர் நம் தீரர் சத்தியமூர்த்தி. இந்தியாவைக் கேளாமல் படைகள் வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டதை எதிர்த்து 1939-ல் காங்கிரஸ் உறுப்பினர்கள் பேரவையைப் புறக்கணித்தனர். எனினும் போர்ச் செலவுக்கான துணை நிதி மசோதா 1940 நவம்பரில் வந்தபோது அவைக்குத் திரும்பி அதைத் தோற்கடித்தனர். மசோதாவைத் தமது சிறப்பு அதிகாரத்தால் வைஸ்ராய் சட்டமாக்கினார் என்பது வேறு விஷயம். அடுத்த மாதமே தனிநபர் சத்தியாகிரகத்தில் தேசாய் கைதானார். உடல்நலக் குறைவால் 1941-ல் விடுதலையானார்.

1942-ல் காங்கிரஸ் தலைவர்கள் சிறைப்பட்டபோது வெளியே இருந்த வெகு சிலரில் அவரும் ஒருவர். தேக்கத்தை உடைக்க முஸ்லிம் லீகின் லியாகத் அலிகானுடன் பேசினார். இடைக்கால அரசில் இரு கட்சிகளுக்கும் சம இடம் என்பதே 1945 தொடக்கத்தில் அவர்கள் கண்ட உடன்பாடு. விஷயம் வெளியானதும் ஜின்னா தமக்கு எதுவும் தெரியாது என்றார். சிறையிலிருந்து வந்த காங்கிரஸ் தலைவர்களோ தங்களைக் கேளாமல் பேசியதாகச் சினந்தனர். காந்தியடிகள் அறிந்து நடந்த பேச்சுக்கு தேசாய் மட்டும் பழி சுமந்தது நியாயமாகத் தெரியவில்லை. அவ்வாண்டு இறுதியில் நடந்த பேரவைத் தேர்தலில் அவருக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டது.

அதே நாள்களில்தான் அவர் செங்கோட்டையில் நின்றார். மலேயா, பர்மா தமிழர்கள் பெருமளவில் சேர்ந்திருந்த இந்திய தேசிய ராணுவத்தின் அதிகாரிகள் ஷாநவாஸ்கான், சேகல், தில்லான் மீதான விசாரணை 1945 நவம்பர் 5-ல் தொடங்கியது. உடல் நலிந்த நிலையிலும் எதிர்தரப்பின் முதன்மை வழக்கறிஞர் தேசாயே. அடிமைப்பட்ட மக்களுக்கு விடுதலைக்காகப் போர் தொடுக்கும் உரிமை உண்டு. ஆசாத் ஹிந்த் அரசு முறைப்படி போர் அறிவித்த அரசு. எனவே இது ராஜத் துரோகம் ஆகாது என்பது அவரது வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. மூவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பைக் கண்ட தலைமைத் தளபதி ஆச்சின்லெக், 1946 ஜனவரியில் அத்தண்டனையை ரத்து செய்தார். மூவரும் விடுதலையாயினர்.

நான்கு மாதங்களில், 1946 மே 6-ல், தமது 68-வது வயதில் தேசாய் காலமானார். அவ்வாண்டு அக்டோபரில் முஸ்லிம் லீக் இடைக்கால அரசில் சேர்ந்தது. நிதித் துறை லியாகத் அலிகானிடம் போயிற்று.