வைத்தியர் சுனிதி சொலமனும் ஆறு இரத்த மாதிரிகளும்

எச்.ஐ.வி. பற்றிப் பாடநூலில் நாம் படிப்பது சில பக்கங்கள்தான். அது ஒரு வைரசு, வெண்குருதிக் கலங்களில் ஒரு வகையைத் தாக்கி உடலின் நோயெதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிறது, பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள இரத்தம், தொற்றுள்ள தாய் ஆகிய மூன்று வழிகளில் பரவுகிறது என்று எழுதி மனனம் செய்துவிடலாம். புள்ளியும் கிடைக்கும். ஆனால் நம் பக்கத்து நாட்டில் அந்த வைரசை முதலில் கண்டறிந்தவர்கள் இரண்டு பெண்கள் என்பதை நான் உயர்தரத்துக்கு வந்த பிறகுதான் அறிந்தேன். ஒருவர் சுனிதி சொலமன். மற்றவர் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா.

சுனிதி சென்னையில் தோல் வியாபாரம் செய்த மராத்திக் குடும்பமொன்றில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் அவர் ஒருவரே பெண் பிள்ளை. தடுப்பூசி போடுவதற்காக வீட்டுக்கு வந்துபோன சுகாதார அதிகாரியைப் பார்த்துத்தான் மருத்துவத்தில் அவருக்கு ஆசை வந்ததாம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, இதய சத்திரசிகிச்சை வைத்தியரான விக்டர் சொலமனைத் திருமணம் செய்து, பிரித்தானியா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் பயிற்சி பெற்று, 1973இல் ஊர் திரும்பினார். பின்னர் நுண்ணுயிரியலில் பட்டமேற்படிப்பை முடித்துத் தாம் படித்த கல்லூரியிலேயே கற்பிக்கத் தொடங்கினார்.

1981இல் அமெரிக்காவில் எயிட்ஸ் முதன்முதலாக அறியப்பட்டது. அது மேற்கு நாட்டவரின் நோய், ஒழுக்கமும் குடும்பக் கட்டுப்பாடும் உள்ள நமக்கு வராது என்றே இந்தியாவில் பலரும் நம்பினார்கள். சுனிதி அந்த நம்பிக்கையைப் பரிசோதனை செய்து பார்க்க விரும்பினார். ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்த நிர்மலாவிடம் அந்த வேலையைக் கொடுத்தார். நிர்மலா சிற்றூரில், கட்டுப்பாடான குடும்பத்தில் வளர்ந்தவர். இரண்டு பிள்ளைகளின் தாய். முதலில் தயங்கியவரைக் கணவரே ஊக்கப்படுத்தி, ஸ்கூட்டரில் கூட்டிச் சென்று இறக்கிவிட்டார்.

பாலியல் தொழிலுக்காகக் கைதான பெண்களை அடைத்து வைத்திருந்த காப்பகத்துக்கு நிர்மலா போனார். கையுறை இல்லை, பாதுகாப்புக் கண்ணாடி இல்லை. எடுத்த இரத்தத்தைத் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்தார். அந்த வசதிகளோடுதான் ஒரு நாட்டில் எச்.ஐ.வி.யை முதலில் கண்டறிந்த ஆய்வு நடந்தது என்பதை வாசித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. சென்னையில் அப்போது பரிசோதனை வசதி கிடையாது. ஆகவே 1986 பெப்ரவரியில் நிர்மலாவும் கணவரும் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் அடைத்து, இரவு ரயிலில் காட்பாடி போய், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்த்தார்கள். பரிசோதனைத் தட்டில் ஆறு மாதிரிகள் நிறம் மாறின. நம்ப முடியாமல் மறுபடியும் இரத்தம் எடுத்தார்கள். அமெரிக்காவுக்கு அனுப்பியும் உறுதிசெய்தார்கள். அந்த மே மாதத்தில் தமிழ்நாட்டுச் சுகாதார அமைச்சர் எச். வி. ஹண்டே சட்டசபையில் செய்தியை அறிவித்தார். பலர் அதை ஏற்க மறுத்தார்கள்.

இதில் ஒரு விடயம் என் மனதை உறுத்துகிறது. எதற்காக இரத்தம் எடுக்கப்படுகிறது என்பது அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. வேறு ஏதோ பாலியல் நோய்க்கான பரிசோதனை என்று நினைத்தே அவர்கள் கையை நீட்டினார்கள். இன்று அப்படிச் செய்ய முடியாது. ஒருவரின் சம்மதம் இல்லாமல் இந்தப் பரிசோதனை செய்வது தவறு. முதலில் தொற்று உறுதியானவர்களில் ஒருத்தி பதின்மூன்று வயதுச் சிறுமி, கடத்தி விற்கப்பட்டவள். அவளைப் பற்றிச் சுனிதி பின்னாளில் பேசியிருக்கிறார். ஒழுக்கம் கெட்டவர்களின் நோய் என்ற பேச்சு அந்தப் பிள்ளையிடமே பொய்யாகிவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

அதன் பிறகு சுனிதி இந்த நோயை விடவில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களைத் தொட வைத்தியர்களே பயந்த காலம் அது. அவர் தொட்டார், பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்டார். இந்த வேலை வேண்டாம் என்று முதலில் சொன்ன கணவரும் பிறகு துணைநின்றார். 1993இல் அரச வேலையை விட்டு, தந்தையின் பெயரில் ‘வை.ஆர்.ஜி. கெயார்’ என்ற நிலையத்தைச் சென்னையில் தொடங்கினார். விரும்பி வந்து பரிசோதனை செய்துகொள்ளவும், ஆலோசனை பெறவும், சிகிச்சை பெறவும் அங்கு இடமிருந்தது.

அங்கு வந்த பெண்களைப் பற்றி அந்த நிலையத்தினர் எழுதிய ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளியானது. பெற்றோர் கட்டாயம் அறியவேண்டிய செய்தி அதில்தான் இருக்கிறது. அந்தப் பெண்களில் மிகப் பெரும்பாலானோர் இல்லத்தரசிகள். கணவரைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள். தாங்கள் எந்தத் தவறும் செய்யாமல், திருமணத்தின் வழியாகவே நோயைப் பெற்றவர்கள். அப்படியிருந்தும் கணவர் இறந்ததும் மருமகள் மீதே பழி போட்டு, அவளை வீட்டை விட்டு அனுப்பிய குடும்பங்கள் உண்டு. அதிகமான ஊகங்களையும் புறம் பேசுவதையும் விட்டுத் தவிர்ந்துகொள்ளச் சொல்லும் சூரத்துல் ஹுஜுராத்தை நாம் ஓதுகிறோம். ஒரு நோயாளியைப் பார்த்ததும் எப்படி வந்திருக்கும் என்றுதான் முதலில் கேட்கிறோம்.

நம் நாட்டிலும் ஒரு வைத்தியரின் கதை இருக்கிறது. குழந்தை நல வைத்திய நிபுணரான கமலிகா அபேரத்ன 1995இல் வீதி விபத்தில் காயமடைந்து, உயிர் காக்க ஏற்றப்பட்ட இரத்தத்தின் வழியாக எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளானார். மறைத்திருக்கலாம். அவர் வெளிப்படையாக அறிவித்து, தம்மைப் போன்றவர்களுக்காக 2004இல் இறக்கும் வரை உழைத்தார். சுனிதி தேடிக் கண்டது அவருடைய உடலுக்குள்ளேயே இருந்தது.

சுனிதியின் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அவர் செய்த கல்யாணத் தரகு! எச்.ஐ.வி. உள்ள ஆண்களுக்கும் பெண்களுக்கும் அவரே வரன் பார்த்தார். படிப்பு, குடும்பம், தொழில் ஆகியவற்றோடு நோயெதிர்ப்புக் கலங்களின் எண்ணிக்கையையும் இரத்தத்தில் உள்ள வைரசின் அளவையும் பொருத்தம் பார்ப்பார். மருந்தை ஒழுங்காக எடுத்தால் நீண்ட காலம் வாழலாம், தொற்றில்லாத பிள்ளையும் பெறலாம் என்பதை அவர் அறிந்திருந்தார். மருந்தை முன்கூட்டியே தொடங்கினால் துணைவருக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011இல் காட்டிய பன்னாட்டு ஆய்வில் அவருடைய நிலையமும் பங்கெடுத்தது. 2015 ஜூலை 28இல் புற்றுநோயால் அவர் காலமானார். 2017இல் இந்திய அரசு பத்மஸ்ரீ வழங்கியது. நிர்மலாவோ ஆய்வேட்டை முடித்து, வேறு வேலைக்குப் போய், சத்தமில்லாமல் ஓய்வுபெற்றார்.

இலங்கையில் சிகிச்சை இலவசம். பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் இரகசியம் பேணிப் பரிசோதனை செய்கிறார்கள். ஆனால் மாத்தளைப் பக்கத்தில் ஒரு சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளையின் தொழில், வீடு, குடும்பம் எல்லாம் விசாரிப்பார்கள். இரத்தப் பரிசோதனை கேட்டால் அவமானப்படுத்துவதாக எடுத்துக்கொள்வார்கள். வெளிநாட்டில் பல வருடம் இருந்து வந்தவரிடமும் கேட்பதில்லை, இங்கேயே இருந்தவரிடமும் கேட்பதில்லை. ஆனால் நிக்காஹ் முடிந்து கர்ப்பமானதும் அதே பரிசோதனை கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் நடக்கிறது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை இல்லாமலாக்கிய நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது இந்தப் பரிசோதனையால்தான்.

இதை வீட்டில் சொன்னபோது வாப்பா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். உம்மா அலுமாரியைத் திறந்து, சின்னத் தம்பி வயிற்றில் இருந்த காலத்துக் கிளினிக் அட்டையை எடுத்து வந்தார். நாங்கள் இருவரும் அதில் எச்.ஐ.வி. என்ற வரியைத் தேடினோம். இருந்தது. அதற்கு முன்பு உம்மா அதை வாசித்ததே இல்லையாம்.