சினிமா துப்பாக்கியும் நிஜத் துப்பாக்கியும்: எம்.ஆர்.ராதாவின் கதை

1967 ஜனவரி 12. எம்.ஜி.ஆரின் 'தாய்க்குத் தலைமகன்' படம் மறுநாள் ரிலீஸ். அன்று மாலை ராமாவரம் தோட்டத்து வீட்டுக்குத் தயாரிப்பாளர் கே.கே.வாசுவும் நடிகர் எம்.ஆர்.ராதாவும் வந்தார்கள். கொஞ்ச நேரப் பேச்சு. பிறகு துப்பாக்கிச் சத்தம். எம்.ஜி.ஆரின் இடது காதருகே குண்டு பாய்ந்தது. ராதா தன்னையும் சுட்டுக்கொண்டார்.

அவ்வளவு பக்கத்தில் வைத்துச் சுட்டும் இருவருமே பிழைத்தார்கள். எப்படி?

மேடையே வீடு

1907-ல் சென்னையில் பிறந்தவர் ராதா. சாப்பாட்டில் மீன் துண்டு சரியாகக் கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டு ஓடியவர் என்று சொல்வார்கள். போய்ச் சேர்ந்த இடம் நாடகக் கம்பெனி. அங்கே நடிப்பு மட்டும் இல்லை, எலெக்ட்ரிக் வேலை, கார் மெக்கானிக் வேலை என்று எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார்.

'இழந்த காதல்' நாடகம் அவருக்குப் பெரிய பேர் வாங்கித் தந்தது. ஆனால், அது படமானபோது அவருடைய வேடம் வேறொருவருக்குப் போனது. அந்தக் கோபத்தில் என்.எஸ்.கிருஷ்ணனைச் சுடத் துப்பாக்கி வாங்கினார் என்றும், விஷயம் தெரிந்த கலைவாணர் தானே நேரில் வந்து பேசிச் சமாதானம் செய்தார் என்றும் நாடக உலகில் ஒரு கதை உண்டு. அந்தத் துப்பாக்கி வெடிக்கவில்லை.

பெரியாரின் தொண்டரான ராதா, மேடையில் கடவுள், சாதி, ஆளுங்கட்சி என எதையும் விட்டுவைத்ததில்லை. அன்றைய செய்தியை அன்றைக்கே வசனத்தில் சேர்த்துவிடுவார். 1954-ல் சென்னை மாகாண அரசு நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது. அது ராதாவை மனதில் வைத்துப் போட்ட சட்டம் என்றே பலரும் பேசினார்கள். அதே ஆண்டு 'ரத்தக்கண்ணீர்' படமாக வந்தது. நாடகத்தில் நடித்த அதே மோகனசுந்தரம் வேடம். அதன்பிறகு தமிழ் சினிமாவால் அவரைத் தவிர்க்க முடியவில்லை.

சிரிக்கவைத்த ரவுடி

வில்லனைப் பார்த்து ஆடியன்ஸ் பயப்படணும் என்பதுதான் அன்றைய வழக்கம். ராதா வந்தால் சிரிப்பும் சேர்ந்து வந்தது. 1962-ல் பி.ஆர்.பந்துலு இயக்கிய 'பலே பாண்டியா' அதற்கு நல்ல உதாரணம். சிவாஜிக்கு அதில் மூன்று வேடம், ராதாவுக்கு இரண்டு. ஒன்று ரவுடி கபாலி, இன்னொன்று பணக்கார மாமனார். ஒரே குரலை ஏற்றி இறக்கியே இரண்டு ஆளாக மாறிவிடுவார்.

இந்த மாதிரிப் படங்களில் வரும் துப்பாக்கி பெரும்பாலும் மரத்திலோ தகரத்திலோ செய்த டம்மிதான். சத்தமும் நெருப்பும் வேண்டுமென்றால் 'பிளாங்க்' தோட்டா போடுவார்கள். அதன் உறைக்குள் வெடிமருந்து இருக்கும், முனையில் ஈயக்குண்டு இருக்காது. 'டுமீல்'னு சத்தம் கேட்கும், ஆள் சுருண்டு விழுவார், 'கட்' சொன்னதும் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்.

ராமாவரத்தில் அப்படி 'கட்' சொல்ல ஆள் இல்லை.

குண்டு ஏன் கொல்லவில்லை?

தடயவியல் நிபுணர் பி.சந்திரசேகரன் தந்த விளக்கம் இதுதான். ராதா அந்தத் தோட்டாக்களை வாங்கியது 1950-ல். சுட்டது 17 வருஷம் கழித்து. நடுவில் அவை மேஜை டிராயரில் சும்மா கிடந்தன. டிராயரை இழுத்து மூடும் ஒவ்வொரு முறையும் உருண்டு ஒன்றோடொன்று உரசின. அதில் உறைக்கும் ஈயக்குண்டுக்கும் இடையிலான பிடி தளர்ந்துபோனது.

பிடி இறுக்கமாக இருந்தால்தான் வெடிமருந்து எரியும்போது உள்ளே அழுத்தம் ஏறி, குண்டு முழு வேகத்தில் பாயும். லூஸாக இருந்தால் அழுத்தம் சேர்வதற்கு முன்பே குண்டு நகர்ந்துவிடும், வேகம் குறைந்துவிடும். இரண்டு உயிரைக் காப்பாற்றியது அந்த டிராயர்தான்.

தீர்ப்பும் திரும்பி வந்ததும்

கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். இருக்கும் படம் போஸ்டராக ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. அடுத்த மாதமே தேர்தல். பரங்கிமலையில் அவர் ஜெயித்தார், திமுக ஆட்சியைப் பிடித்தது. ஆனால், அவருடைய பழைய குரல் திரும்ப வரவே இல்லை.

செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. பணத் தகராறு, அரசியல் பகை என்று பல காரணங்கள் பேசப்பட்டன. 1967 நவம்பரில் ராதாவுக்கு 7 ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு உச்ச நீதிமன்றம் அதைக் குறைத்தது. 1971-ல் வெளியே வந்தவர் மறுபடியும் நாடகம், சினிமா என்று கிளம்பிவிட்டார். எமர்ஜென்சி காலத்தில் மிசாவில் இன்னொரு முறை சிறைக்குப் போனார்.

படப்பிடிப்பில் துப்பாக்கி விளையாட்டுப் பொருள்தானே என்ற நினைப்பு இன்றும் உயிரை வாங்குகிறது. 1984-ல் அமெரிக்க நடிகர் ஜான்-எரிக் ஹெக்ஸம், பிளாங்க் தோட்டா போட்ட துப்பாக்கியை விளையாட்டாகத் தன் பொட்டில் வைத்து அழுத்தி இறந்துபோனார். குண்டே இல்லாவிட்டாலும், அவ்வளவு பக்கத்தில் வெடிக்கும் வாயுவின் வேகமே மண்டை எலும்பை உடைத்துவிடும். 2021-ல் 'ரஸ்ட்' படப்பிடிப்பில், டம்மி இருக்கவேண்டிய துப்பாக்கியில் நிஜத் தோட்டா இருந்தது. ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் பலியானார். பிளாங்க் பட்டு ஒருவர் சாக, நிஜக்குண்டு பட்டு ராதாவும் எம்.ஜி.ஆரும் பிழைத்தது அதிர்ஷ்டம் மட்டுமே.

ராதா 1979 செப்டம்பர் 17 அன்று திருச்சியில் காலமானார். அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அன்று பெரியாரின் 100-வது பிறந்தநாளும்கூட.