யெல்லப்பிரகடா சுப்பாராவ்

யெல்லப்பிரகடா சுப்பாராவ் (ஜனவரி 12, 1895 – ஆகஸ்ட் 1948) ஓர் இந்திய உயிர்வேதியியலாளர் ஆவார். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்தான ஆரியோமைசின் இவர் தலைமையேற்ற ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்டது. பால்வினை நோய்ச் சிகிச்சையில் இக்குடும்ப மருந்துகளுக்கு முக்கிய இடமுண்டு.

வாழ்க்கை

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது, காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தியதால் அறுவை மருத்துவப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளானார். அதனால் எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. பின்னர் அமெரிக்கா சென்று, ஹார்வர்டில் பயின்றுகொண்டே மருத்துவமனையில் இரவுநேரக் கடைநிலைப் பணி செய்து பிழைத்தார். சைரஸ் ஃபிஸ்க்குடன் இணைந்து தசைகளில் ஏ.டி.பி. மூலக்கூறைக் கண்டறிந்தார். 1940-இல் லெடர்லே நிறுவனத்தில் சேர்ந்து அதன் ஆய்வு இயக்குநரானார். ஃபோலிக் அமிலத் தொகுப்பும் யானைக்கால் நோய்க்கான மருந்தும் அங்கு நிகழ்ந்த பணிகளே.

ஆரியோமைசின்

ஓய்வுபெற்ற தாவரவியலாளரான பெஞ்சமின் டக்கர், சுப்பாராவின் ஆய்வுக்கூடத்தில் மண் மாதிரிகளை ஆராய்ந்து, பொன்னிற நுண்ணுயிர் ஒன்றிலிருந்து இம்மருந்தைப் பிரித்தெடுத்தார். நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனையில் லூயிஸ் ரைட் குழுவினர் இதனை முதன்முதலில் மனிதர்களுக்கு அளித்தனர். அவர்கள் தேர்ந்த நோய்களுள் ஒன்று, அரையில் நெறிகட்டும் பால்வினை நோயான லிம்போகிரானுலோமா. 1948 ஜூலையில் மருந்து உலகிற்கு அறிவிக்கப்பட்டது. மறுமாதமே சுப்பாராவ் தம் 53-ஆம் அகவையில் காலமானார். அதன் வெற்றியையும் வீழ்ச்சியையும் அவர் காணவில்லை.

எதிர்ப்புத்திறனும் கண்காணிப்பும்

லிம்போகிரானுலோமாவிற்கு இக்குடும்பத்தைச் சேர்ந்த டாக்சிசைக்ளின் இன்றும் முதல் மருந்தாகும். வெட்டை நோயின் கதை வேறு. டெட்ராசைக்ளின் கிருமியின் ரைபோசோமில் ஒட்டிக்கொண்டு புரத உற்பத்தியைத் தடுக்கிறது. டெட்-எம் என்னும் மரபணுவைப் பெற்ற கிருமி தன் ரைபோசோமைக் காத்துக்கொள்கிறது. பிளாஸ்மிடு வழியே ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவவல்ல இம்மரபணு, வெட்டை நோய்க் கிருமியில் 1985-இல் அமெரிக்காவில் தென்பட்டது.

நோயாளியிடம் எடுத்த மாதிரியில் கிருமியை வளர்த்து, எவ்வளவு செறிவில் மருந்து அதன் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று அளப்பதே கண்காணிப்பின் அடிப்படை. வெட்டை நோய்க் கிருமி உடலுக்கு வெளியே எளிதில் மடிவதால் இது சிரமமான வேலை. சோதித்த மாதிரிகளில் 5 விழுக்காட்டிற்கு மேல் எதிர்ப்பு காணப்பட்டால் அம்மருந்தை வழக்கமான சிகிச்சையிலிருந்து நீக்கவேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் வரையறை.

தெற்காசியாவில் இப்பணிக்குத் தில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை வட்டார மையமாக விளங்குகிறது. பால்வினை நோய்களுக்கான இந்தியாவின் வட்டார ஆய்வு மையங்களுள் ஒன்று, சுப்பாராவ் பயின்ற சென்னை மருத்துவக் கல்லூரியின் பால்வினை நோயியல் நிலையத்தில் அமைந்துள்ளது.