கைப்பிடியை ஒழித்த கெட்டரிங்

போன செமஸ்டரில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு ஊட்டியிலிருந்து ஒரு பழைய கார் வந்தது. ஹீட்டர் ஃபேன் சுற்றவில்லை. ஃப்யூஸ் சரி, சப்ளையும் வருது. மோட்டார் மட்டும் கம்முனு கிடந்தது. கழற்றிப் பார்த்தேன். கார்பன் பிரஷ் தேய்ந்து கம்யூட்டேட்டரைத் தொடவே இல்லை. கரித்தூளைத் துடைத்து, நைஸ் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது பிரஷ் மாட்டியதும் ஜம்முனு ஓடியது. கார் இன்ஜினையே மோட்டாரால் கிளப்ப வைத்த புண்ணியவான் யார் என்று அன்றைக்குத் தேடினேன். சார்லஸ் கெட்டரிங் கிடைத்தார்.

1876-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கண்கோளாறு பாடாய்ப் படுத்தியதால் படிப்பை இடையில் விட்டு, டெலிபோன் லைன் போடும் வேலைக்குப் போனார். ஆனாலும் மனுஷன் விடவில்லை! 1904-ல், 28 வயதை நெருங்கும்போது எலெக்ட்ரிகல் இன்ஜினியர் ஆனார். அரியர் வைத்து மனம் உடைந்த நண்பர்கள் கவனிக்கவும்!

டேட்டன் நகரில் கல்லாப்பெட்டி இயந்திரம் செய்யும் கம்பெனியில் வேலை. கையால் சுற்றிய கல்லாவுக்கு ஒரு சின்ன மோட்டார் பொருத்தினார்.

அப்போதெல்லாம் காரைக் கிளப்ப முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றணும். இன்ஜின் எதிர்த்து உதைத்தால் கை முறியும். உயிர் போனதும் உண்டு. மோட்டார் வைத்தால் அதுவே இன்ஜின் அளவுக்குப் பெரிசாக இருக்கும் என்பது பலரின் கணக்கு. கெட்டரிங் தன் கல்லா மோட்டாரை நினைத்தார். அது ஒரு கணம் இழுக்கும், பிறகு ஓய்வு. அதே மாதிரி சின்ன மோட்டாருக்குச் சில விநாடி மட்டும் ஓவர்லோடு கொடுத்தால், அது சூடேறுவதற்குள் இன்ஜின் கிளம்பிவிடுமே! 1912 மாடல் கேடிலாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. இன்ஜின் கிளம்பியதும் அதே மோட்டார் டைனமோவாகி பேட்டரியை சார்ஜ் செய்தது.

எங்கள் ஹீட்டர் மோட்டார் மணிக்கணக்கில் ஓடுவது. பிரஷ் தேய்ந்ததில் ஆச்சரியம் இல்லை. லோடு எவ்வளவு என்பதோடு, எவ்வளவு நேரம் என்றும் கேட்கணும். கெட்டரிங்கிடம் நான் படித்த பாடம் இது.

ஒரு கசப்பும் உண்டு. 1921-ல் அவர் தலைமையில் இயங்கிய ஆய்வுக்கூடத்தில்தான் பெட்ரோலில் ஈயம் கலக்கும் முறை பிறந்தது. 1924-ல் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் சிலர் ஈய விஷத்தால் இறந்தார்கள். அப்புறமும் அவர் அதைக் கைவிடவில்லை. 1958-ல் அவர் மறைந்தார். ஈயப் பெட்ரோல் இந்தியாவில் 2000-ல்தான் ஒழிந்தது. எத்தனை கைகளைக் காப்பாற்றிய மனிதர்! அந்தப் புகையைச் சுவாசித்தவர்களையும் ஒரு நிமிஷம் நினைத்திருக்கக் கூடாதா?

நண்பர்களே, நாளை நாமும் ஏதாவது கண்டுபிடிப்போம். அப்போது இந்தக் கேள்வியையும் மறக்காமல் கேட்டுக்கொள்வோம்!